டீ கொட்டிய லேப்டாப்: 31,000 கொடுத்து மதர்போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி தஞ்சாவூரிலிருந்து ஒரு அப்பா அனுப்பியது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளின் லேப்டாப் கீபோர்டில் அரை டம்ளர் டீ கொட்டிவிட்டது. துடைத்து, ஹேர் டிரையர் காட்டி, ராத்திரி முழுக்க அரிசி மூட்டையில் வைத்து, காலையில் ஆன் செய்தால் ஓடியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே அணைந்தது. அதன்பிறகு அசைவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் "லிக்விட் டேமேஜ், மதர்போர்டு மாற்றணும், 31,000 ஆகும்" என்றார்கள். வாங்கியது மூன்று வருடம் முன்பு, 54,000-க்கு. வாரண்டி முடிந்தாயிற்று. இடது பக்க ஹிஞ்ச் (திரையைத் தாங்கும் கீல்) வேறு ஏற்கெனவே விட்டிருக்கிறது. ப்ராஜெக்ட் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டது. சென்னை ரிச்சி தெருவில் கொடுக்கலாமா, புதுசு வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

சார், லேப்டாப் இருக்கட்டும், முதலில் ப்ராஜெக்டை வெளியே எடுப்போம். அது கைக்கு வந்துவிட்டால் மீதி முடிவை நிதானமாக எடுக்கலாம். அவசரத்தில் இருப்பவரிடம்தான் எல்லாக் கடையிலும் ரேட் ஏறும்.

போர்டு செத்தால் ஃபைலும் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் சொல்லும் விலையில் வந்த விண்டோஸ் லேப்டாப்களில், ஃபைல்கள் சேமிக்கப்படும் எஸ்எஸ்டி பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். அடி மூடியைக் கழற்றினால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய அட்டை ஒரே ஒரு ஸ்குரூவில் நிற்கும். அதைக் கழற்றி, என்விஎம்இ என்ற இந்த வகை எஸ்எஸ்டிக்கான யூஎஸ்பி கேஸில் போட்டு (கேஸ் விலை ஆயிரத்துச் சொச்சம்தான்) இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினால் பென்டிரைவ் போலத் திறக்கும். ஊரிலேயே எந்தக் கடையிலும் பத்து நிமிஷ வேலை. நீங்கள் பக்கத்தில் நின்றே செய்துகொள்ளலாம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்திருந்தால், யாரும் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. பிட்லாக்கர் என்பது அதுதான். வேறு கம்ப்யூட்டரில் செருகினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கீ மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதிக்குப் போய், ரெகவரி கீயை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அது கைக்கு வரும்வரை யாரையும் போர்டில் கைவைக்க விடாதீர்கள். பூட்டைத் தானாகத் திறக்கும் ரகசியம் பழைய போர்டில்தான் இருக்கிறது. போர்டு மாறினாலோ பயாஸை (லேப்டாப்பைத் துவக்க போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அழித்து எழுதினாலோ அந்த 48 எண்தான் ஒரே சாவி. சர்வீஸ் சென்டரில் "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அதன் அர்த்தத்தில் இதுவும் அடக்கம்.

(மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. 2018 முதல் வந்த புது மாடல்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே பற்றவைத்து, அதே போர்டின் சிப்போடு பூட்டப்பட்டிருக்கும். போர்டை உயிர்ப்பித்தால்தான் ஃபைல்.)

சரி, இனி உங்கள் லேப்டாப்புக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். டீ கொட்டிய நிமிஷமே அது சாகவில்லை. லேப்டாப்பை ஆஃப் செய்தாலும் பேட்டரி போர்டோடு இணைந்தே இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் கவனிப்பதற்காகவே 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்கள் சில எப்போதும் உயிரோடு இருக்கும். அந்த லைன்களுக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் பொதுப் பாதை) நடுவில் உப்பும் சர்க்கரையும் பாலும் கலந்த ஈரம் நின்றால், மின்சாரம் அதன் வழியாகக் கசிந்து செம்பையும் ஈயப் பற்றையும் கரைத்து இழுக்கத் தொடங்கும். ஈரம் காய்ந்தாலும் படிவு போகாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். மறுநாள் ஓடியதும் அதன்பின் அணைந்ததும் இதனால்தான். டீயைவிட அந்த இரண்டு நாள் ஓட்டம்தான் அதிக சேதம் செய்திருக்கும்.

அரிசி வைத்தியம் வெறும் நம்பிக்கை. மூடிய லேப்டாப்புக்குள் கீபோர்டுக்கு அடியில் இருக்கும் பால் படிவை வெளியே கிடக்கும் அரிசி எப்படி எடுக்கும்? ஹேர் டிரையர் இன்னும் மோசம். திரவத்தை ஊதி உள்ளே தள்ளும், கீபோர்டு பட்டன்களை வளைக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கொட்டியவுடன் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஃபைல் சேவ் ஆகவில்லையே என்று பார்க்காமல் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். கூரை போல விரித்துக் கவிழ்த்து வையுங்கள். ஸ்குரூ கழற்றத் தெரிந்தால் அடி மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் "பேட்டரியை மட்டும் கழற்றிக் கொடுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். லெனோவோவின் திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அடியில் குண்டூசி நுழையும் அளவில் ஓர் ஓட்டை இருக்கும். அதில் குத்தினால் பேட்டரி இணைப்பு தற்காலிகமாக அறுபடும். ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்.

சர்வீஸ் சென்டர்காரர்கள் உங்களை ஏமாற்றவில்லை. அவர்கள் வேலை முறையே அப்படி. போர்டு, டிஸ்ப்ளே, கீபோர்டு, பேட்டரி என்று முழுப் பாகமாகத்தான் கம்பெனியிலிருந்து அவர்களுக்கு ஸ்பேர் வரும், முழுப் பாகமாகத்தான் மாற்றுவார்கள். போர்டில் எந்தச் சிப் போனது என்று தேட அங்கே ஆளும் நேரமும் ஒதுக்கப்படுவதில்லை. அதனால் "மதர்போர்டு மாற்றணும்" என்றால் பழுது போர்டில் எங்கோ இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். 31,000 என்பது அந்த "எங்கோ"வுக்கான விலை.

அந்த "எங்கோ"வைக் கண்டுபிடிப்பதைத்தான் கடைகளில் சிப் லெவல் என்கிறார்கள். அடாப்டரிலிருந்து 19 வோல்ட் வருகிறது. சார்ஜிங் பின்னைத் தாண்டியதும் இரண்டு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வழியாக மெயின் லைனுக்குப் போகிறது. அங்கிருந்து 5, 3.3 என்று இறங்கி, கடைசியில் ப்ராசஸருக்குச் சுமார் ஒரு வோல்ட்டாகச் சேருகிறது. டீ பட்டு டெட் ஆன போர்டில் இந்த வழியில் ஏதோ ஓர் இடத்தில் ஷார்ட் (மின்சாரம் குறுக்கு வழியில் கிரவுண்டுக்குப் பாய்வது) அல்லது அறுபட்ட பாதை இருக்கும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். எஸ்எஸ்டியைக் கழற்றிய பிறகு பாருங்கள். உருண்டைப் பின் அடாப்டரில் லைட் இருந்தால், சுவரில் செருகி லைட் எரிவதைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பில் செருகுங்கள். செருகிய கணத்தில் லைட் அணைந்தாலோ விட்டுவிட்டு மின்னினாலோ மெயின் லைன் பக்கம் ஷார்ட், உடனே எடுத்துவிடுங்கள். லைட் அப்படியே எரிந்தால் கோளாறு வேறிடத்தில். இந்த ஒரு தகவலைச் சொன்னாலே டெக்னீஷியன் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

நல்ல கையில் வேலை இப்படி நடக்கும். போர்டைத் தனியே எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் தகடுகளையும் கறுப்பு டேப்புகளையும் உரித்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். பால் டீ காய்ந்த இடம் பழுப்பு வார்னிஷ் பூசியது மாதிரி இருக்கும். அதன் ஓரத்தில் பச்சையும் வெள்ளையும் பொரிந்திருக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் தேய்ப்பார். (கை கழுவும் சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும்.) அரித்த இடத்தில் சிப்பின் கால்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று ஊசியால் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் மல்டிமீட்டரில் ஒவ்வொரு லைனையும் கிரவுண்டோடு அளப்பார். ஷார்ட் கிடைத்தால், அந்த லைனுக்கு வெளியிலிருந்து ஒரு வோல்ட் மட்டும் கொடுத்துச் சில ஆம்பியர் ஓடவிடுவார். குற்றவாளிக் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டிப் பாகம்) சூடாகும். தெர்மல் கேமரா இருந்தால் திரையில் தெரியும். இல்லாத கடையில் போர்டின் மேல் ஆல்கஹாலை மெல்லியதாகத் தடவிவிட்டுக் குனிந்து பார்ப்பார்கள். எந்த இடம் முதலில் காய்கிறதோ அதுதான். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டை எடுத்ததும் மீட்டரில் ஷார்ட் மறைந்துவிடும். மாற்றுக் கெபாசிட்டரின் விலை சில ரூபாய். நீங்கள் கொடுக்கும் கூலி அதைக் கண்டுபிடித்ததற்கு.

எல்லாப் போர்டும் இப்படிப் பிழைக்காது. ப்ராசஸருக்குக் கரண்ட் இறக்கும் இடத்தில் மேல் பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால், ஒரு வோல்ட் போகவேண்டிய வழியில் 19 வோல்ட் நேராக இறங்கியிருக்கும். ப்ராசஸர் காலி. இப்போது வரும் லேப்டாப்களில் அது போர்டிலேயே பற்றவைத்தது என்பதால் அங்கே கதை முடிந்தது, செலவு செய்யாதீர்கள். ஆனால் ப்ராசஸர் லைனின் ரெசிஸ்டன்ஸ் நல்ல போர்டிலும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். மீட்டர் பீப் அடித்தது என்பதை வைத்து மட்டும் "சிபியு ஷார்ட்", அதாவது ப்ராசஸர் போச்சு என்று திருப்பிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. இன்னோர் இடத்தில் காட்டாமல் அந்தத் தீர்ப்பை ஏற்கவேண்டாம்.

ரிச்சி தெருவுக்கு வருகிறேன். அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இறங்கும் அந்தச் சின்னத் தெருவிலும் ஒட்டியுள்ள நரசிங்கபுரம் தெருவிலும் நாட்டின் பெரிய எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் ஒன்று அடங்கியிருக்கிறது. அங்கே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் தெருமுகப்பில் "வாங்க சார், லேப்டாப் சர்வீஸா" என்று கூப்பிடுபவர் பெரும்பாலும் வாங்கி வேறொருவரிடம் கைமாற்றிவிடுபவர். உண்மையான வேலை மாடியில் ஒரு மேஜையில் நடக்கும். உங்கள் ஊர்க் கடையிலும் இதே கதைதான். தஞ்சாவூரில் வாங்கிக்கொண்டு போர்டை மட்டும் கழற்றித் திருச்சிக்கோ சென்னைக்கோ கூரியரில் அனுப்புவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் நடுவில் ஒரு கமிஷன் ஏறும், நாளும் கூடும். நேராகவே கேளுங்கள்: "இங்கேயே பண்றீங்களா, வெளியே அனுப்புவீங்களா?" வெளியே என்றால் திருச்சியில் சிப் லெவல் செய்யும் ஆளையே விசாரித்துப் போவது நல்லது. வெறும் போர்டு வேலைக்குச் சென்னைவரை அலையத் தேவையில்லை.

கொடுக்கும் முன் எஸ்எஸ்டியையும், கழற்ற முடிந்தால் ரேமையும் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். டெக்னீஷியன் சோதிக்க அவரிடமே வேறு இருக்கும். கழற்ற முடியாததை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போர்டின் சீரியல் ஸ்டிக்கர் உட்பட. செக்கிங் சார்ஜ் எவ்வளவு, சரியாகாவிட்டால் எவ்வளவு, வேலை தொடங்கும் முன் போன் பண்ணுவீர்களா, கழற்றிய பார்ட்டைத் திருப்பித் தருவீர்களா என்பதை எல்லாம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தண்ணீர் பட்ட போர்டுக்குப் பல கடைகளில் வாரண்டி தரமாட்டார்கள். எங்கே அரிப்பு ஒளிந்திருக்கிறது என்று அவர்களாலும் உறுதி சொல்ல முடியாது, அதனால் நியாயம்தான். எஸ்டிமேட் சொல்லும்போது "எந்த லைன்ல சார் ஷார்ட்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியவேண்டும் என்பதில்லை, அவரிடம் பதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வேலை தெரிந்தவர் "சார்ஜிங் ஐசி பக்கம், இரண்டு மாஸ்ஃபெட் போயிருக்கு" என்பது போல ஒன்று சொல்வார்.

"ரீபாலிங் பண்ணணும்" என்று எடுத்தவுடனே சொன்னால் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, அடியில் இருக்கும் ஈயக் குண்டுகளைப் புதுசாக வைத்து மறுபடி பற்றவைப்பதுதான் ரீபாலிங். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியம். 2007, 2008 வாக்கில் என்விடியா கிராஃபிக்ஸ் சிப்கள் லேப்டாப்களில் கொத்துக்கொத்தாகச் செத்தன. 2008 ஜூலையில் அந்தச் செலவுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. எச்பி பெவிலியன் dv வரிசை லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஹாட் ஏர் காட்டினால் அவை உயிர் பெற்றன, கடைகள் அதையே தொழிலாக்கிக்கொண்டன. ஆனால் கோளாறு சிப்புக்கு அடியில் இருந்த குண்டுகளில் இல்லை. சிப்புக்கு உள்ளேயே சிலிக்கனைத் தாங்கும் நுண் பற்றுகளில் இருந்தது. சூடு காட்டியது கொஞ்ச நாளைக்கு ஒட்டவைத்தது, மறுபடி போயிற்று. அந்த நாளின் மந்திரத்தை டீ பட்ட போர்டுக்கும் ஓதினால், அரித்த இடம் அப்படியே கிடக்க நல்ல சிப்தான் வேகும்.

சிப் லெவலில் முடியாது என்றானால் அடுத்த வழி, பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செகண்ட் ஹேண்ட் போர்டு. கம்பெனி விலையைவிட நன்றாகக் குறைவாகக் கிடைக்கும். லேப்டாப் மாடல் பெயரை வைத்து வாங்கக்கூடாது. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைப் போர்டுகள் வரும். போர்டிலேயே எண் அச்சடித்திருக்கும். "எல்ஏ-" என்று தொடங்கினால் காம்பல் கம்பெனி செய்தது, "டிஏ0" என்றால் குவாண்டா. அந்த எண்ணும் ப்ராசஸரும் பொருந்தவேண்டும். கம்பெனி விண்டோஸின் லைசென்ஸ் கீயும் பழைய போர்டின் பயாஸில்தான் இருக்கிறது. அதனால் புதுப் போர்டில் எந்த லைசென்ஸ் இருக்கிறது, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஹிஞ்சைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். லேப்டாப் விலை குறையக் குறைய ஹிஞ்சைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் சூடாக்கி அழுத்திய சின்னப் பித்தளை நட்டுகள்தான். நாள்பட ஹிஞ்ச் இறுகும். ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கமும் சேர்ந்தால் நட்டு பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வரும். அந்த நிலையில் திறந்து மூடினால் ஹிஞ்ச் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் நசுங்கும், கடைசியில் திரையும் கீறும். ஃபெவிக்விக் வேண்டாம், அது கண்ணாடி மாதிரி இறுகி அடுத்த வாரமே உடையும். நட்டுகள் இருந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி அரால்டைட் மாதிரியான எபாக்ஸி போட்டு ஒரு நாள் முழுக்க இறுகவிட்டால் ஓரளவு தாங்கும். ஒட்டும்போதே ஹிஞ்சின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே விசை புது ஒட்டையும் பெயர்த்துவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பேனல்தான் மாற்றவேண்டும். கடையில் திரையின் முதுகை ஏ, அதன் முகப்புச் சட்டத்தை பி, கீபோர்டு இருக்கும் மேல்தளத்தை சி, அடியை டி என்பார்கள். உங்களுக்குப் பெயர்ந்தது எது என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். போர்டு பிழைத்தது உறுதியான பிறகு செய்தால் போதும். கீபோர்டும் டீயில் போயிருக்கும், அதையும் அப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். சி பேனலோடு சேர்ந்தே கீபோர்டு வரும் மாடல் என்றால் இரண்டு செலவும் ஒன்றில் முடியும்.

பணக் கணக்குக்கு என் அளவுகோல் இது. இதே மாதிரி மூன்று வருடப் பழைய லேப்டாப் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். ரிப்பேர், கீபோர்டு, ஹிஞ்ச் எல்லாம் சேர்த்து அதில் பாதிக்குள் முடிந்தால் செய்யலாம். கம்பெனி போர்டு 31,000 அந்தக் கணக்கில் எந்த வகையிலும் வராது, விட்டுவிடுங்கள். சிப் லெவல் வேலை சில ஆயிரங்களில் முடியவேண்டியது. பத்தாயிரத்தைத் தாண்டிச் சொன்னால் காரணம் கேளுங்கள். சரியாகித் திரும்பி வந்தாலும் அதை இரண்டாம் லேப்டாப்பாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீசிஸ் ஃபைல் இனி கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ இருக்கட்டும்.

புதுசு வாங்குவதானால் பில் போடும்போதே ஆக்ஸிடென்டல் டேமேஜ் பிளான் கேளுங்கள். சாதாரண வாரண்டியில் டீ, விழுதல் எதுவும் வராது, இதில்தான் வரும். லெனோவோ, எச்பி, டெல் மூன்றும் விற்கின்றன. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் என்று ஒரு தளம் தொடங்கியது. கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கடையோ சர்வீஸ் சென்டரோ பொருளைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம், தமிழிலும் பேசலாம். அதற்குக் கையில் பில் வேண்டும். கொடுக்கும்போதே சீரியல் நம்பரோடு ஒரு ஜாப் ஷீட் (பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கிவிடுங்கள்.

கடைசியில் சரியாகவே இல்லை என்றாலும் முழு லேப்டாப்பையும் கடைக்காரரிடம் "வேஸ்ட்தானே" என்று விட்டுவராதீர்கள். எஸ்எஸ்டியும் ரேமும் உங்களிடம் இருக்கின்றன, டிஸ்ப்ளே உடையாமல் இருந்தால் அதற்கும் விலை உண்டு, அடாப்டருக்கும் உண்டு. டெட் போர்டைக்கூட அதிலுள்ள சிப்களுக்காக எடைபோடாமல் வாங்குவார்கள். பேட்டரியை மட்டும் வீட்டில் வைக்கவேண்டாம். டீ பட்டது, உப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. டச்பேட் மேலே தூக்கியிருந்தால் அதுதான் அடையாளம். அதைக் குத்தாமல், மடக்காமல், மின்கழிவு வாங்குபவரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.